வெயிலுக்கு எத்தனை மதிப்பெண்?

உங்கள் வீடு மொட்டை மாடிக்கு அடுத்த தளமா? அப்படியானால் இக்கட்டுரையில் பாதியை நீங்களே எழுதிவிடலாம். சித்திரை மாதம், இரவு 8 மணி. வெளியே கடற்காற்று வீசுகிறது. உள்ளே மின்விசிறி சுடுகாற்றை இறைக்கிறது. சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டதே, இந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது?

வெப்பம் கான்கிரீட்டினுள் நடந்து வருகிறது. நடக்க நேரம் பிடிக்கிறது. 12 செ.மீ. கனமுள்ள கூரையைக் கடக்க அதற்கு மூன்று, நான்கு மணி நேரம் வேண்டும். 23 செ.மீ. செங்கல் சுவரென்றால் ஏறக்குறைய ஏழு மணி நேரம். மேற்குச் சுவர் மாலை 4 மணிக்கு வாங்கிய சூட்டை இரவு 11 மணிக்குப் படுக்கையறையில் கொண்டுவந்து கொடுக்கிறது. கடனைத் திருப்பித் தரும் நேரம் பார்த்தீர்களா!

இதைக் கட்டடக்கலை மாணவர்களுக்குக் கற்பிப்பதில்லையா என்று கேட்பீர்கள். கற்பிக்கிறார்கள், நன்றாகவே கற்பிக்கிறார்கள். சென்ற ஆண்டு என் சித்தி மகள், கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு மாணவி, ஒரு தடித்த புத்தகத்துடன் வந்தாள். "அண்ணா, இது முழுக்க உங்கள் பிசிக்ஸ். சொல்லிக் கொடுங்கள்" என்றாள். கோனிக்ஸ்பெர்கர், இங்கர்சால், மேஹ்யூ, சோகோலாய் ஆகிய நால்வர் எழுதி 1970-களின் முற்பகுதியில் வெளிவந்த, வெப்பநாட்டுக் கட்டடங்களைப் பற்றிய பாடநூல் அது. இன்றும் நம் கல்லூரிகளில் வழங்குகிறது.

முதல் ஆசிரியரை நாம் அறிந்துகொள்ளவேண்டும். ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் 1908-ல் பெர்லினில் பிறந்தவர். நாஜிகளின் ஆட்சியில் நாட்டைவிட்டு வெளியேறி, 1939-ல் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞரானார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சில கட்டடங்கள் அவர் வரைந்தவை. சுதந்திரத்துக்குப் பின் மத்திய அரசின் வீட்டுவசதித் துறை இயக்குநராக இருந்து, 1951-ல் லண்டன் சென்றார். நம் வெயிலைத் தாமே பட்டு அறிந்தவர் எழுதிய நூல் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

நூலின் சிறப்பு, அது அழகைப்பற்றி வாதாடாமல் கணக்குப் போடுகிறது என்பதே. வறண்ட ஊரில் கனத்த சுவர் நல்லது. பகல் வெப்பம் உள்ளே வருவதற்குள் குளிர்ந்த இரவு வந்துவிடும். ஈரம் மிகுந்த கடற்கரை ஊரில் இரவும் குளிர்வதில்லை. அங்கே கனத்த சுவரைவிடக் காற்றோட்டமே மருந்து. இறுதிப் பகுதியில் மஹோனி அட்டவணைகள் வருகின்றன. ஓர் ஊரின் மாதாந்தர வெப்பநிலை, ஈரப்பதம், மழை ஆகியவற்றை நிரப்பினால் கட்டடம் எத்திசை நோக்கவேண்டும், சன்னல் எவ்வளவு பெரிதாக இருக்கலாம், கூரை எத்தகையது என்பனவற்றுக்கு விடை வந்துவிடும். பென்சிலைத் தொடுமுன் செய்யவேண்டிய கணக்கு இது.

குறைகளும் உண்டு. மனிதனுக்கு எந்த வெப்பநிலை இதமானது என்பதற்கு நூல் நம்பியிருப்பது, 1923-ல் அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் பிறந்த அளவுகோலை. 2010-களில் அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தார் சென்னை உட்பட ஐந்து நகரங்களின் அலுவலகங்களில் கேட்டறிந்தபோது, காற்றோட்டமான அறைகளில் பணிபுரியும் நம்மவர்கள் அதிக வெப்பத்திலும் இதமாகவே இருப்பதாகத் தெரிந்தது. இரண்டாவது குறை பெரிது. கட்டி முடித்த வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்லும் நூல், கட்டுவதற்கு நாம் கொடுக்கும் விலையைப் பேசுவதில்லை. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பும் 44 கிலோ கரியமில வாயுவும் கிடைக்கும். சூளையில் எரிக்கும் நிலக்கரிக் கணக்கு இதில் சேரவில்லை! சிமெண்டு மூட்டை ஒவ்வொன்றின் பின்னும் இந்த வேதியியல் நிற்கிறது. வளங்குன்றா வளர்ச்சி என்ற சொல்லே 1987-ல் புருண்ட்லாண்ட் குழு அறிக்கைக்குப் பின்தான் பரவியது. எனவே ஆசிரியர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் இன்று அந்நூலை நடத்துகிறவர்கள், லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய 'எலிப்பொறி' கட்டையும் சேர்த்து நடத்தலாம். செங்கலைக் குத்துவாட்டில் வைத்து நடுவே இடைவெளி விடும் முறை அது. செங்கல் ஏறத்தாழ கால்பங்கு மிச்சம். அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கிறது.

என் உண்மையான வருத்தம் நூலின்மீது அன்று. தங்கை அந்தத் தாளில் நூற்றுக்கு எண்பதுக்குமேல் வாங்கினாள். மகிழ்ச்சியோடு பாராட்டப் போனபோது, அதே பருவத்தில் வரைந்த நூலகத் திட்டத்தைக் காட்டினாள். சென்னையில், மேற்கு முகமாக, 20 சதுர மீட்டர் கண்ணாடி! "சன்னலுக்கு மறைப்புக் கணக்குப் போட்டாயே, அது எங்கே?" என்றேன். "அது வேறு பேப்பர், அண்ணா. இது டிசைன்" என்றாள்.

கணக்கை நாமே போடுவோம். கோடை மாலையில் மேற்குக் கண்ணாடியின் ஒரு சதுர மீட்டரில் 500 வாட் வெயில் விழுவதாகக் கொள்வோம். உண்மையில் கூடவும் விழும். சாதாரணக் கண்ணாடி ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். மொத்தம் 8 கிலோவாட். ஒரு கிலோவாட் மின்அடுப்புகள் எட்டை ஏற்றிவைத்து அவற்றுக்கு நடுவே மாணவர்களைப் படிக்கச் சொல்வது போல! அந்த வெப்பத்தை மட்டும் வெளியேற்ற இரண்டு டன்னுக்கு மேற்பட்ட குளிர்சாதனம் வேண்டும். மேலே கிடையான மறைப்பு வைத்தாலும் பயனில்லை. மாலைச் சூரியன் தாழ வந்து மறைப்புக்கு அடியில் நுழைந்துவிடும். வடக்கே திருப்பினால் முற்றிலும் தப்பலாம் என்பதும் ஐரோப்பியர் கணக்கு. சென்னை 13 பாகை அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்டு மூன்றாம் வாரம்வரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. ஆயினும் அது மிக உயரத்தில் நிற்பதால் ஒரு முழ மறைப்பே போதும். இதெல்லாம் அவளுக்குத் தெரியும், தேர்வில் எழுதியவைதாம்.

திட்டத்தை மதிப்பிட்ட குழுவினர் முகப்பின் விகிதம், தூண்களின் ஒழுங்கு, வரைபடத்தின் நேர்த்தி எல்லாம் கேட்டார்களாம். வெயிலைப்பற்றி ஒரு கேள்வியும் இல்லை. மாணவர்கள் கெட்டிக்காரர்கள். எதற்கு மதிப்பெண் உண்டோ அதைத்தான் கற்பார்கள். என் வகுப்பிலும் அப்படித்தான். சிக்காகோவில் 1993-ல் உலகக் கட்டடக் கலைஞர்கள் கூடி, வளங்குன்றா வடிவமைப்பை மாணவர்களுக்கும் கற்பிப்போம் என்று உறுதி கூறினார்கள். புதிய தாள் ஒன்றைச் சேர்ப்பது அந்த உறுதியை நிறைவேற்றாது. வடிவமைப்புத் தேர்வின் மேசையில் வெப்பக் கணக்குத் தாளும் விரிக்கப்பட்டு, அதற்கும் மதிப்பெண் போடவேண்டும். அம்மேசைக்கு ஓர் இயற்பியல் ஆசிரியரைக் கூப்பிட்டாலும் குற்றமில்லை. காப்பி கொடுத்தால் போதும், வந்துவிடுவோம்.

ஒரு சனிக்கிழமை மாலை நாங்கள் இருவரும் உட்கார்ந்து சென்னைக்கு மஹோனி அட்டவணையை நிரப்பினோம். நூலகத்தைத் திருப்பி, நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும்படி மறுபடி வரைந்தாள். கணக்குத் தாளையும் வரைபடத்துடன் இணைத்து ஆசிரியரிடம் கொண்டுபோனாள். வரைபடத்தை வாங்கிக்கொண்டவர், கணக்கை 'அந்தப் பேப்பரின் கோப்பில்' வைக்கச் சொன்னாராம்.

அடுத்த பருவத்தில் அவள் ஒரு மருத்துவமனை வரையவேண்டும். மாடிப்படி, சாமான் அறை, கழிப்பறை எல்லாவற்றையும் மேற்கே தள்ளிவிட்டு, நோயாளிகளின் கட்டில்களைத் தெற்கே போடப்போவதாகச் சொல்கிறாள். கணக்குத் தாளைத் தனியே இணைக்கப்போவதில்லையாம். வரைபடத்திலேயே சுவருக்குச் சுவர் எழுதிவிடப் போகிறாளாம்.