துணி எடுத்து வைத்திருந்தாயா?

18ஆம் நூற்றாண்டு லண்டனில், பிறந்த சிசுவைக் கொன்றதாக ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட மணமாகாத பெண்ணின் உயிர் பல வேளைகளில் ஒரு கேள்வியில் தொங்கியது: பிள்ளைக்குத் துணி எடுத்து வைத்திருந்தாயா? பெட்டியில் ஒரு குல்லாயும் சின்னச் சட்டையும் இருந்ததாகச் சொல்ல ஒரு சாட்சி கிடைத்தால் ஜூரிகள் அவளை விட்டுவிடுவார்கள். துணி சேர்த்தவள் பிள்ளையை வளர்க்க நினைத்தவள், எனவே மறைக்க நினைத்தவள் அல்லள் என்பது அவர்கள் கணக்கு.

அவளை அங்கே நிறுத்திய 1624ஆம் ஆண்டுச் சட்டத்தில் துணியைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. மணமாகாத ஒருத்தி பிள்ளை பெற்று, அது இறந்ததை யாருக்கும் தெரியாமல் புதைத்தோ நீரில் அமிழ்த்தியோ மறைத்தால் அவள் கொலைகாரி; குழந்தை செத்தே பிறந்தது என்று ஒரு சாட்சியையேனும் கொண்டு அவளே நிரூபித்தாலன்றித் தூக்கு. இதே வழக்கு மணமானவள் மேல் வந்தால், குழந்தை உயிரோடு பிறந்ததென்று அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். தாலிக்கு நிகரான மோதிரம் இல்லாதவளுக்கு மட்டும் நிரூபிக்கும் பாரம் தலைகீழானது. தனியாகப் பெற்றவள் சாட்சிக்கு எங்கே போவாள்?

சட்டம் இயற்றியவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. தாழிட்ட அறைக்குள் நடந்ததற்கு அவளைத் தவிரச் சாட்சி இல்லை. பிறந்தவுடன் இறக்கும் குழந்தைகள் எல்லா வீட்டிலும் இருந்த காலம் அது. கொலையையும் சாவையும் பிரித்தறிய மருத்துவத்துக்குத் தெரியாது. அந்த இடறலைத் தாண்ட அவர்கள் கண்ட குறுக்குவழிதான் மறைத்தலையே கொலையின் சான்றாக்கியது.

ஆனால் ஏன் மறைத்தாள் என்பதற்கான விடை அதே நாடாளுமன்றத்தின் ஏட்டில் இருந்தது. 1576ஆம் ஆண்டுச் சட்டம், திருமணத்துக்குப் புறம்பாகப் பிறந்த பிள்ளையால் திருச்சபை வட்டாரத்தின் ஏழை நிதிக்குச் செலவு வந்தால் பெற்றோரைத் தண்டிக்கவும் அவர்களிடம் பராமரிப்புப் பணம் வசூலிக்கவும் வழிசெய்தது. 1610இல், அப்படிச் செலவு வைக்கும் பிள்ளையைப் பெற்றவளை ஓராண்டு திருத்தச் சிறையில் அடைக்கலாம் என்றார்கள். பிள்ளையை வெளியே காட்டினால் சிறை. மறைத்தால், 14 ஆண்டு கழித்து வந்த சட்டப்படி, தூக்கு. மாட்டியவர்களில் பெரும்பாலோர் வீட்டு வேலைக்காரிகள். இருபதுகளின் நடுவில்தான் பெண்களுக்குத் திருமணம் என்ற சமூகத்தில், அதுவரை அடுத்தவர் வீட்டில் உழைத்து, இன்னொரு வேலைக்காரியோடு ஒரே படுக்கையில் தூங்கியவர்கள். வயிறு தெரிந்த அன்றே வேலையும் கூரையும் போகும்.

அவர்களைப் பிடித்துக்கொடுத்தவர்களும் பெரும்பாலும் பெண்களே. சந்தேகம் எழுந்தால் எஜமானியும் பக்கத்து வீட்டுக்காரிகளும் மருத்துவச்சியும் அறைக்குள் நுழைந்து, படுக்கையைப் புரட்டி, பால் சுரக்கிறதா என்று மார்பைப் பிழிந்து பார்த்தார்கள். பெண்களின் பேறுகால உலகத்தை ஒருவருக்கொருவர் தோள்கொடுத்த உறவாகவே வருணிக்கும் வரலாற்றெழுத்து உண்டு. 17ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலிருந்து வரலாற்றாசிரியர் லாரா கௌவிங் காட்டும் சித்திரம் வேறு: மணமானவளுக்குத் துணையாக வந்த அதே கைகள் மணமாகாதவளைச் சோதனையிட்டன. எனக்கு இந்தச் சித்திரமே நம்பத்தக்கதாகப் படுகிறது.

ஆன் கிரீனின் கதை இந்தச் சட்டத்தின் முழு உருவத்தையும் காட்டிவிடும். ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் சர் தாமஸ் ரீட் என்பவரின் வீட்டு வேலைக்காரி. கருவுக்குக் காரணம் எஜமானரின் பேரன் என்று சொன்னாள். குறைமாதத்தில் வெளிப்பட்ட சிசுவுக்கு உயிர் இருந்திருக்கவே முடியாது என்று மருத்துவச்சி சாட்சி சொல்லியும் பலனில்லை. 1650 டிசம்பரில் ஆக்ஸ்ஃபோர்டில் தூக்கிலிட்டார்கள். அறுத்துப் பார்க்க மருத்துவர்களிடம் போன உடலில் மூச்சு இருந்தது. வில்லியம் பெட்டியும் தாமஸ் வில்லிஸும் சிகிச்சை செய்து பிழைக்கவைத்தார்கள். பிறகு மன்னிப்பும் கிடைத்தது, கல்யாணமும் நடந்தது. கடவுள் காட்டிய அற்புதம் என்று துண்டுப் பிரசுரங்கள் கொண்டாடின. அற்புதத்துக்கு முந்தைய தீர்ப்பைப் பற்றிச் சட்டப் புத்தகம் மௌனமாகவே இருந்தது.

அடுத்த நூற்றாண்டில் காற்று திசை மாறியது. ஜூரிகள் தண்டிக்கத் தயங்கினார்கள். துணி, வலி வந்தபோது உதவிக்குக் கூவியது, முன்கூட்டியே யாரிடமாவது சொல்லியிருந்தது என ஏதாவது ஒரு பிடி கிடைத்தால் போதும். குழந்தை உயிரோடு பிறந்ததற்குக் கொஞ்சமாவது சான்று வேண்டும் என்று நீதிபதிகள் எதிர்பார்ப்பதை 1769இல் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோனே குறித்துவைத்தார். இறந்த சிசுவின் நுரையீரல் நீரில் மிதந்தால் அது மூச்சுவிட்டது என்ற சோதனையை, மகப்பேற்று மருத்துவர் வில்லியம் ஹன்டர் 1783இல் கேள்விக்குள்ளாக்கினார். அழுகினாலும் மிதக்கும், ஒரு மூச்சோடு தானாக இறந்த குழந்தையின் நுரையீரலும் மிதக்கும். அவமான பயத்தில் புத்தி கலங்கி நிற்கும் பெண்ணை அவர் கட்டுரை பரிவோடு பார்த்தது.

இந்த இரக்கத்தை வரலாற்றாசிரியர்கள் பலர் பாராட்டுகிறார்கள். பாராட்டத்தான் வேண்டும், எத்தனையோ கழுத்துகள் தப்பின. எழுதிய சட்டம் கொடுமையாக இருக்கும்போது பன்னிரண்டு சாதாரண மனிதர்கள் அதை வளைத்தது சிறிய காரியமல்ல.

என் குறை அந்த இரக்கத்தின் நிபந்தனையைப் பற்றியது. துணி சேர்க்கக் காசு வேண்டும், ஒளித்துவைக்கப் பெட்டி வேண்டும். குறைமாதத்தில் எதிர்பாராமல் பெற்றவளிடமும், கருவுற்றதையே தன்னிடம் ஒப்புக்கொள்ளாதவளிடமும் துணி இருக்காது. கடுங்குற்ற வழக்குகளில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்காக வழக்கறிஞர் ஜூரியிடம் வாதாட 1836 வரை அனுமதி இல்லை; வாதத்தை அவளே சொல்ல வேண்டும். நல்ல பெண் என்று சொல்ல எஜமானி வந்தால் பாதி வழக்கு முடிந்தது, வராவிட்டால்? சட்டம் எல்லோருக்கும் ஒரே கொடுமையை எழுதிவைத்தது, இரக்கமோ ஆளைப் பார்த்து வந்தது. உயிர் பிழைக்க ஒருத்தி நல்ல தாயாக நடித்தாக வேண்டியிருந்தது. நிரபராதி என்றால் மட்டும் போதவில்லை.

இன்னொரு தீமை இதைவிடப் பெரியது. ஜூரிகள் விட்டுவிடுகிறார்களே, சட்டம் இருந்தால் என்ன என்ற அலட்சியம் வந்தது. 1770களில் அதை நீக்க எடுத்த முயற்சிகள் தோற்றன. நடைமுறையில் செத்துப்போன பிறகும் நீடித்த சட்டம், மொத்தம் 179 ஆண்டுகள் ஏட்டில் உயிரோடிருந்தது. வேலைக்காரிகளை அறைக்குள் பூட்டிச் சோதிக்கவும், விசாரணை வரும்வரை சிறையில் போடவும் அந்த ஏடு போதுமானதாயிருந்தது. விடுதலையான பிறகு அவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

தகப்பனையும் யாரும் தேடவில்லை. குழந்தை உயிரோடிருந்தால், பிரசவ வலியின் நடுவிலேயே மருத்துவச்சி அவன் பெயரைக் கேட்டு வற்புறுத்துவாள், ஏனென்றால் செலவை அவன் தலையில் கட்ட வேண்டும். குழந்தை இறந்துவிட்டால் செலவில்லை, அவனும் தேவையில்லை. கொலை வழக்கில் அவன் பெயர் தற்செயலாகத்தான் வரும்.

1803இல் எல்லன்பரோ பிரபு கொண்டுவந்த சட்டம் 1624ஐ ரத்துசெய்தது. இனி மணமாகாத தாய்க்கும் மற்றவர்களைப் போலவே கொலை நிரூபிக்கப்பட வேண்டும். நிரூபணமாகாவிட்டால் பிறப்பை மறைத்ததற்காக ஈராண்டு வரை சிறை. இதைக் கருணையின் வெற்றி என்று எழுதுபவர்கள் அதே சட்டத்தின் இன்னொரு பிரிவைத் தாண்டிப்போகிறார்கள்: வயிற்றில் சிசு அசையத் தொடங்கியபின் கருக்கலைப்புச் செய்தால் மரண தண்டனை என்று முதன்முதலாக எழுதிவைத்ததும் அதுவே. பிறப்பை மறைத்தலைத் தனிக் குற்றமாக்கியதை, தண்டிக்க மறுத்த ஜூரிகளுக்குத் தண்டிக்கத் தோதாக ஒரு சின்னக் குற்றத்தை வடித்துக் கொடுத்தார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

அந்தச் சின்னக் குற்றம் கப்பலேறி நம்மிடமும் வந்தது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 318ஆம் பிரிவும், இன்று அதன் இடத்தில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 94ஆம் பிரிவும், குழந்தையின் உடலை இரகசியமாகப் புதைத்துப் பிறப்பை மறைப்பதற்கு வைத்திருக்கும் உச்சத் தண்டனை அதே ஈராண்டு. இங்கிலாந்தில் 1828 வரை மணமாகாத தாய் மட்டுமே இந்தக் குற்றத்தைச் செய்ய முடியும். இந்தியப் பிரிவு மணமானவளா என்று கேட்பதில்லை, தாயா என்றும் கேட்பதில்லை. புதைத்தவன் தகப்பனாக இருந்தால் அவனுக்கும் அது பொருந்தும்.