ஒரு வரித் தீர்ப்பு

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். ஒருவர் ஸ்டாலில் நின்று ஒரு தடித்த நாவலைக் கையில் எடுக்கிறார். பின்னட்டையைப் படிக்கிறார். பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத ஆள், "அதுவா சார், ஒரே இழுவை" என்கிறார். எடுத்தவர் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு நகர்கிறார். எழுதியவர் நாலைந்து வருஷம் உழைத்த புத்தகத்தின் கணக்கு பத்து வினாடியில் முடிந்துவிட்டது.

"கீழே வைக்க முடியலை", "சப்புனு முடிச்சிட்டான்", "மனசுல ஒட்டலை", "நடை கரடுமுரடு". தமிழில் மிக அதிகமாகப் புழங்கும் நாவல் விமர்சனம் இதுதான். கல்லூரிக் கருத்தரங்குகளில் இதற்கு இடமில்லை. ஆனால் ஒரு புத்தகத்தை நாலு பேர் கைக்குக் கொண்டுபோவதும் பரணுக்கு அனுப்புவதும் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான். இதைச் சற்று மதித்து, எங்கே தேறுகிறது, எங்கே கோட்டை விடுகிறது என்று பார்க்கலாம்.

ஒரு வாசகரை வைத்துக்கொள்வோம். உத்தியோகத்தில் ஓய்வுபெற்றவர், க்ரைம், சரித்திரம், விஞ்ஞானப் புனைகதை, வட்டார நாவல் என்று எதையும் ஒதுக்காதவர். படித்து முடித்த ஒவ்வொரு நாவலுக்கும் நோட்டில் ஒரு வரி எழுதுகிறார். அண்மையில் படித்தவை: 'கொலையுதிர் காலம்' – விறுவிறுப்பு, முடிவு குழப்பம். 'பொன்னியின் செல்வன்' – அருமை, நீளம் அதிகம். 'என் இனிய இயந்திரா' – 2022 அப்படி வரவில்லை. 'வெக்கை' – 'அசுரன்' மாதிரி இல்லை. 'பதினெட்டாவது அட்சக்கோடு' – கதையே இல்லை.

ஐந்து வரியிலும் ஒரு நேர்மை இருக்கிறது. பெரிய பெயருக்குப் பயந்து எழுதியதாக ஒன்றுகூட இல்லை.

முதல் வரியை எடுத்துக்கொள்ளலாம். துப்பறியும் கதை வாசகரைப் பாமரர் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அவரைப்போலக் கறாரான ஆள் கிடையாது. மாத நாவல்களில் பழகிய கை அவருடையது. குற்றவாளி கடைசி அத்தியாயத்தில் திடீரென்று முளைத்தால் விடமாட்டார். நாற்பதாம் பக்கத்தில் உடைந்த கைக்கடிகாரம் வந்தால் நூறாம் பக்கத்தில் அதற்குக் கணக்குக் கேட்பார். சுஜாதா 'கொலையுதிர் காலம்' நாவலில் செய்ததோ வேறு. வக்கீல் கணேஷ் விஞ்ஞான விளக்கத்தைத் தேடுகிறான், அவன் உதவியாளன் வசந்துக்கோ அமானுஷ்யத்தின் பக்கம் ஒரு சாய்வு. ஹோலோகிராம் வரை கொண்டுவந்து முடிச்சை அவிழ்த்த பிறகும் ஒரு நூலிழைச் சந்தேகத்தை ஆசிரியர் தொங்கவிடுகிறார். துப்பறியும் கதையின் ஒப்பந்தப்படி இது மீறல். பேய்க்கதையின் ஒப்பந்தப்படி இதுதான் நியாயம். "முடிவு குழப்பம்" என்று எழுதிய வாசகர் இந்த மீறலைச் சரியாக முகர்ந்துவிட்டார். குழப்பம் வேண்டுமென்றே செய்ததா என்ற கேள்வியை மட்டும் கேட்காமல் விட்டுவிட்டார்.

'பொன்னியின் செல்வன்' விஷயம் இன்னும் சுவாரசியமானது. 1950 அக்டோபரில் 'கல்கி' இதழில் தொடங்கி 1954 வரை, ஏறக்குறைய மூன்றரை ஆண்டு வாராவாரம் வந்த தொடர் அது. ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வாரம் வரை வாசகரைக் காத்திருக்க வைக்க வேண்டும். ஒரு வாரம் இதழைத் தவறவிட்டவருக்கும் கதை புரிய வேண்டும். வந்தியத்தேவன் கதவிடுக்கில் நின்று ஒட்டுக்கேட்பதும், நடந்ததை இன்னொரு பாத்திரத்திடம் மறுபடி சொல்வதும், சுரங்கப்பாதை வாசலில் அத்தியாயம் அறுந்து நிற்பதும் அந்த ஏற்பாட்டின் விளைவுகள். ஐந்து பாகத்தையும் பொங்கல் விடுமுறையில் ஒரே மூச்சில் படிப்பவருக்கு இவையெல்லாம் சதைப்பிடிப்பாகத் தெரிவதில் வியப்பில்லை. நீளம் என்ற புகார் நியாயம். புகாருக்குக் காரணமோ கதையில் பாதி, படிக்கும் முறையில் பாதி.

இந்த நாவலுக்கே வாசகர் கருத்தோடு ஒரு நேரடி உறவு உண்டு. தொடர் முடிந்ததும் முடிவு சட்டென்று வந்துவிட்டது, இன்னார் என்ன ஆனார், அன்னார் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்க, நாவலாசிரியர் கல்கி முடிவுரை ஒன்று எழுதிப் பதில் சொன்னார். அது இன்றும் ஐந்தாம் பாகத்தின் கடைசியில் அச்சாகிவருகிறது. ஐந்து பாகம் எழுதிய ஆளையே விளக்கம் சொல்ல வைத்த பலம் அந்தக் கருத்துகளுக்கு இருந்தது. அதில் ஒரு நஷ்டமும் இருக்கிறது. ஆதித்த கரிகாலன் கொலையைப் புகைமூட்டமாகவே விட்டதுதான் அந்த நாவலின் நல்ல இடங்களில் ஒன்று. எல்லாப் பாத்திரத்துக்கும் பின்கதை கேட்கும் பழக்கம் அந்தப் புகையை ஊதிக் கலைக்கப் பார்க்கிறது.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' பற்றிய வரியை வேகமாகக் கடந்துவிடலாம். 1980களில் 'ஆனந்த விகடன்' தொடராக வந்த கதை 2022ஆம் ஆண்டில் நடக்கிறது. பெயருக்கு இரண்டெழுத்துக்கு மேல் கூடாது, குழந்தை பெற அரசு அனுமதி வேண்டும், ஜீவா என்றொரு சர்வாதிகாரி, ஜீனோ என்றொரு இயந்திர நாய். 2022 வந்தது, போனது. அப்படி எதுவும் நடக்கவில்லை. பஞ்சாங்கத்தைச் சரிபார்ப்பதுபோல இதைச் சரிபார்ப்பது வீண். வெறும் இயந்திரமாக வந்து, புத்தகம் படித்து, பக்கத்துக்குப் பக்கம் புத்தி கூடிக்கொண்டே போகும் அந்த நாய்க்குட்டியைப் பற்றி நோட்டில் ஒரு சொல்கூட இல்லை என்பதுதான் வருத்தம்.

ஒரு வரித் தீர்ப்பு பாமரப் பழக்கம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. தமிழில் அதை ஒரு விமர்சன முறையாகவே நடத்திக்காட்டியவர் க.நா.சுப்ரமண்யம். 1912இல் பிறந்த க.நா.சு., 'பொய்த்தேவு' எழுதிய நாவலாசிரியர். க்னுட் ஹாம்சனின் 'நிலவளம்', பேர் லாகர்க்விஸ்டின் 'அன்பு வழி', செல்மா லாகர்லெவின் 'மதகுரு' ஆகியவற்றைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். மூவருமே ஸ்காண்டிநேவியர், மூவருமே நோபல் பரிசு பெற்றவர்கள். அப்படிப்பட்ட வாசிப்பை வைத்துக்கொண்டு அவர் செய்தது என்ன? பட்டியல் போட்டார். இது நல்ல நாவல், இது இல்லை, இதைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்டார், 'படித்திருக்கிறீர்களா?' என்பது அவர் புத்தகம் ஒன்றின் தலைப்பே. விரிவான காரணம் சொல்லும் வழக்கம் குறைவு. ரசனை உள்ளவன் படித்தால் அவனுக்கே தெரியும் என்பது அவர் நிலை.

அது போதாது என்று நினைத்தவர்களில் சி.சு.செல்லப்பா முக்கியமானவர். 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியவர், பிரதியை வரிவரியாகப் பிரித்துப் பார்க்கும் அலசல் முறைக்காக வாதாடினார். இலங்கையிலிருந்து க.கைலாசபதி வேறொரு பக்கம் வந்தார். அவருடைய 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) நாவலைச் சமூக வரலாற்றோடு சேர்த்து நிறுத்தியது. தனிமனித ரசனையை மட்டும் அளவுகோலாக்குவதை அவர் ஏற்கவில்லை. இருவர் கேள்வியும் நியாயமானது: பட்டியலுக்குள் ஏன் வந்தது, ஏன் வரவில்லை என்று சொல்லாவிட்டால் எதிர்த்துப் பேசவே வழியில்லையே.

ஆனாலும் பட்டியல் வேலை செய்தது. நல்ல புத்தகம் எது என்று தெரியாமல் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது கைகாட்டி மரம். கைகாட்டி மரம் ஊரை விளக்காது, திசையை மட்டும் காட்டும். அதன் பெரிய குறை, சில சாலைகளை ஊரே இல்லாதவைபோல மறைத்தது. வெகுஜனத் தொடர்கதைகளை இலக்கியக் கணக்கிலேயே சேர்க்காததால், கல்கி எதை எப்படிச் சாதித்தார், எங்கே சறுக்கினார் என்ற நுட்பமான பேச்சு தமிழில் வெகுகாலம் தள்ளிப்போயிற்று. நோட்டு வாசகர் இந்த விஷயத்தில் க.நா.சு.வைவிடத் தாராளமானவர். ஆழம் போதாது, அது வேறு.

அவருடைய நான்காவது வரிக்கு வரலாம். 2019இல் 'அசுரன்' படம் பார்த்துவிட்டு 'வெக்கை'யைத் தேடி எடுத்தவர்கள் பலர். பூமணியின் நாவல் வெளிவந்தது 1982இல். அண்ணனைக் கொன்றவனைப் பழிவாங்க, பதினைந்து வயதுச் சிதம்பரம் இருட்டில் காத்திருக்கிறான். கையை மட்டும் வெட்டுவதாகத்தான் எண்ணம், ஆள் செத்துவிடுகிறான். இதெல்லாம் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. பிறகு எட்டு நாள், அப்பனும் மகனும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள். எதைத் தின்பது, எங்கே தண்ணீர், எந்தப் பாறையில் படுப்பது, புகை தெரியாமல் எப்படி அடுப்பு மூட்டுவது. கதை துரத்தலாக மாறும் என்று காத்திருப்பவருக்குச் சோற்றுப்பானை கொதிக்கும் பக்கங்கள் கிடைக்கின்றன.

சினிமா அப்பனை நாயகனாக்கியது, நாவல் பையனுடையது. கொலைகாரன் என்று ஊர் சொல்லப்போகும் ஒருவன் இன்னும் சின்னப்பையன் என்பதை அந்தச் சமையல் பக்கங்கள்தான் காட்டுகின்றன. அவன் அப்பாவிடம் கதை கேட்கிறான், அம்மாவை நினைக்கிறான், பசிக்கிறது என்கிறான். "'அசுரன்' மாதிரி இல்லை" என்ற வரி தகவலாகச் சரி. தீர்ப்பாக எடுத்தால், வெந்நீர் கேட்டவன் மோரைக் குறைசொன்னதுபோல ஆகிவிடும்.

இதற்கு நேர்மாறாக, வாசகர் புகாரே விமர்சகரைவிடக் கூர்மையாக இருக்கும் இடங்களும் உண்டு. 2011ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது பெற்ற சு.வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். மதுரையின் அறுநூறு ஆண்டு வரலாற்றைச் சுமக்கிறது. முதல் நூற்றாண்டுகள் ஓடுகிற ஓட்டத்தில் ஒரு முகமும் மனதில் நிற்பதில்லை, தாதனூர் என்ற ஊர் வந்த பிறகுதான் நாவலுக்கு மூச்சு வருகிறது என்று பாதியில் வைத்தவர்கள் சொல்வதைக் கேட்கலாம். விருதும் பாராட்டுரையும் இதைச் சொல்லாது. எந்தப் பக்கத்தில் கை சோர்ந்தது என்று தெரிந்தவர் சொல்வதுதான் கணக்கு.

மீதி இருப்பது "கதையே இல்லை".

அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' செகந்தராபாத்தில் நடக்கிறது. ரயில்வே ஊழியரின் மகன் சந்திரசேகரன். கிரிக்கெட், சைக்கிள், கல்லூரி, பக்கத்து வீட்டாருடன் சில்லறைச் சண்டை. 1947 போகிறது, 1948 வருகிறது; நிஜாம், ரஜாக்கர், இந்திய ராணுவம் எல்லாம் தெருமுனைச் செய்திகளாகக் காதில் விழுகின்றன. சொல்பவன் ஒரு சமயம் 'நான்', ஒரு சமயம் 'அவன்'. பாதி நாவல் வரை ஒன்றும் நடக்காததுபோலத்தான் இருக்கும். நம் வாசகர் பொய் சொல்லவில்லை.

கடைசிப் பக்கங்களில் கலவரத்துக்கு நடுவே ஓடும் சந்திரசேகரன் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறான். உள்ளே பயந்து ஒடுங்கிய ஒரு முஸ்லிம் குடும்பம். தங்களைக் கொல்ல வந்தவன் என்று நினைத்து, அவர்களை விட்டுவிடும்படி ஒரு சின்னப்பெண் தன் ஆடையைக் களைந்துவிட்டு அவன் முன்னால் வந்து நிற்கிறாள். மட்டைப்பந்தும் சைக்கிளுமாக நம்மோடு இத்தனை நேரம் சுற்றிய பையனைப் பார்த்து ஒரு வீடே நடுங்குகிறது. அவன் ஓடுகிறான். முந்தைய இருநூறு பக்கத்தில் ஏதாவது 'கதை' நடந்திருந்தால் இந்த இடத்தில் அவனை நாயகனாகவோ வில்லனாகவோ முன்கூட்டியே பிரித்து வைத்திருப்போம்.

நோட்டில் "கதையே இல்லை" என்று எழுதிய வாசகர் அதற்குப் பக்கத்தில் ஒரு பக்க எண்ணையும் எழுதியிருந்தால், அது அநேகமாக அந்த வீட்டு வாசற்படிக்கு முந்தைய பக்கமாகத்தான் இருந்திருக்கும்.