குழம்பில் கலந்த அபின்: துப்பறியும் கதையின் மரபுகள்

நம் வாசகர் வட்டத்தில் துப்பறியும் கதையை எடுத்தால், கொன்றவர் யார் என்று தெரிந்ததும் பேச்சு முடிந்துவிடுகிறது. உண்மையில் பேச்சு அங்கேதான் தொடங்க வேண்டும். துப்பை ஆசிரியர் நம் கண்ணில் காட்டினாரா, காட்டியும் நாம் கோட்டைவிட்டோமா என்பதே கேள்வி.

1841-ல் எட்கார் ஆலன் போ இந்த மரபுக்குப் பிள்ளையார் சுழி போட்டார். புத்திசாலியான துப்பறிபவர், வியந்து கதை சொல்லும் நண்பர், திணறும் போலீஸ் என்ற அமைப்பு அவர் தந்தது. 1887-ல் ஷெர்லாக் ஹோம்ஸை அறிமுகம் செய்த கோனன் டாயில் பிறகு அதை ஊரறியச் செய்தார்.

அவருடைய ‘சில்வர் பிளேஸ்’ கதையில் பந்தயக் குதிரை காணாமல்போகிறது. லாயத்தில் காவல் இருந்த பையனுக்கு அபின் கொடுக்கப்பட்டிருக்கிறது, காரமான ஆட்டுக்கறிக் குழம்பில் கலந்து. இரவுச் சாப்பாடு அந்தக் குழம்புதான் என்பதை, ரயிலில் போகும்போதே ஹோம்ஸ் வாட்சனிடம் சொல்லிவிடுகிறார். நாம் படித்துவிட்டுத் தாண்டிப்போகிறோம். அபினின் ருசியை மறைக்க மசாலா வேண்டும். அன்றைக்கு என்ன சமையல் என்று வெளியாள் தீர்மானித்திருக்க முடியுமா? அதே கதையில் அன்றிரவு குரைக்காத நாயை எல்லோரும் மெச்சுகிறார்கள். என் ஓட்டு குழம்புக்கே.

துப்பை வாசகர் கண்ணில் காட்டும் இந்த நேர்மையை இங்கிலாந்துக்காரர்கள் சட்டமாக்க முயன்றார்கள். 1929-ல் ரொனால்டு நாக்ஸ் என்ற பாதிரியார் பத்துக் கட்டளைகள் எழுதினார். பேய் பிசாசு உதவக் கூடாது, தற்செயல் கைகொடுக்கக் கூடாது, துப்பை ஒளிக்கக் கூடாது. அடுத்த ஆண்டு லண்டனில் துப்பறியும் எழுத்தாளர்கள் சங்கம் கூடியது, செஸ்டர்டன் தலைவர். புது உறுப்பினர் மண்டையோட்டின் மேல் கைவைத்து, வாசகரை ஏமாற்றமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும்! பாதி விளையாட்டு, பாதி நிஜம். அதற்கு முன்பே, 1926-ல், அகதா கிறிஸ்டி ‘ரோஜர் அக்ராய்டு’ நாவலில் விதியின் விளிம்புவரை போய், பெரிய சச்சரவைக் கிளப்பியிருந்தார். முடிவைச் சொல்லமாட்டேன். ஆனால் திரும்பப் படித்தால் ஒரு வரிகூடப் பொய்யில்லை.

அமெரிக்கர்கள் சிலருக்கு இந்த விளையாட்டு ருசிக்கவில்லை. டாஷியல் ஹாமெட் தாமே தனியார் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அவர் கதைகளில் துப்பைவிட ஊரின் ஊழலே பெரிது. சாண்ட்லரும் அந்த வழிதான். பெல்ஜியத்துக்காரர் சிமெனோனின் மேக்ரே, குற்றவாளியின் மனசையே துழாவுபவர். புதிர் மரபுக்கு மறுபடி உயிர் கொடுத்தது ஜப்பான். அயட்சுஜி யுகிடோவின் 1987 நாவலில், பல்கலைக்கழகத் துப்பறியும் கதைச் சங்கத்து மாணவர்கள் ஒருவரை ஒருவர் போ, அகதா, எல்லரி என்று துப்பறியும் எழுத்தாளர்களின் பெயராலேயே அழைத்துக்கொள்கிறார்கள்.

தமிழில் நடேச சாஸ்திரியின் ‘தானவன்’ தொடங்கி, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு என்று பெரிய வரிசை உண்டு. அவர்களிடம் திருப்பங்கள் தாராளம், துப்புகள் கொஞ்சம். தேவனின் சாம்புவோ நாக்ஸின் விதியைத் தலைகீழாக்கியவர்; அவருடைய வெற்றியெல்லாம் குருட்டு அதிர்ஷ்டம். அது கேலி என்பதால் குற்றமில்லை. சுஜாதா ‘கொலையுதிர் காலம்’ நாவலில் விஞ்ஞானமா, ஆவியா என்று கதவைத் திறந்தே வைக்கிறார். நாக்ஸ் ஒப்பமாட்டார். எனக்குமே அந்த முடிவு அரைத் திருப்திதான், அதில் துப்பறியும் கணேஷ்–வசந்த் பேச்சுக்காகவே மறுபடி படிப்பேன் என்றாலும்.

ஆந்தனி பெர்க்லியின் ‘விஷ சாக்லேட் வழக்கு’ நாவலில் ஒரு சங்கத்தின் ஆறு பேர் ஒரே கொலைக்கு ஆளுக்கொரு தீர்வு சொல்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு நாமும் அப்படியே வருவோம்: கடைசி அத்தியாயத்துக்கு முன் புத்தகத்தை மூடி, கொன்றவர் பெயரையும் துப்பு இருந்த பக்க எண்ணையும் சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.