வெளியே நின்று விதி ஏற்பது

2016 ஜூன் 23 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் பிரிட்டனில் வாக்களித்தவர்களில் 51.9 விழுக்காட்டினர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வேண்டும் என்றார்கள். எப்படி விலகுவது என்று வாக்குச்சீட்டு கேட்கவில்லை. விடுபட்ட அந்தக் கேள்விக்கு அடுத்தடுத்து வந்த அரசுகள் தவணை முறையில் பதில் எழுதி வருகின்றன. 2025 மே மாதம் பிரிட்டனும் ஒன்றியமும் கூடிய லண்டன் உச்சிமாநாட்டில் ஸ்டார்மரின் தொழிற்கட்சி அரசு எழுதிய தவணை இது: உணவு, கால்நடை, தாவரப் பொருள்களுக்கான விதிகளை ஒன்றியம் மாற்றும்போதெல்லாம் பிரிட்டனும் மாற்றிக்கொள்ளும். வாக்களித்த மக்களுக்கு இது துரோகம் என்கிறார்கள் எதிர்ப்பாளர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பல ஆண்டுகளாக அரைமனதோடு நடந்துவரும் ஒன்றை இந்த அரசு வாய்விட்டுச் சொல்லியிருக்கிறது, அவ்வளவே.

ஒன்றியத்திடமிருந்து வந்த ஏறத்தாழ 4,000 சட்டங்களில் தனியாகக் காப்பாற்றப்படாதவை எல்லாம் 2023 இறுதியில் காலாவதியாகிவிடும் என்று முந்தைய கன்சர்வேட்டிவ் அரசு முழங்கியது. கடைசியில் நீக்கியது சுமார் 600; அவற்றிலும் பல எப்போதோ வழக்கொழிந்தவை. பொருள்களின் தரத்துக்கு ஐரோப்பாவின் சிஇ முத்திரைக்குப் பதிலாக யுகேசிஏ என்று சொந்த முத்திரை ஒன்றை உருவாக்கினார்கள். அதைக் கட்டாயமாக்கும் நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, 2023 ஆகஸ்டில் பெரும்பாலான பொருள்களுக்குச் சிஇ முத்திரையையே காலவரையின்றி ஏற்றுக்கொண்டார்கள். நாட்டின் ஏற்றுமதியில் ஏறக்குறைய 40 விழுக்காடு ஒன்றியத்துக்குத்தான் போகிறது. அப்படியிருக்க, இரண்டு விதிகளுக்காக இரண்டு விதமாகப் பொருள் செய்ய எந்தத் தொழிற்சாலை முன்வரும்? வட அயர்லாந்தின் நிலை இன்னும் சிக்கல். அங்கே பொருள்களுக்கு ஒன்றிய விதிகள் பலவும் தொடர்வதால், பிரிட்டனிலிருந்து போகும் சரக்கைப் பச்சை வழி, சிவப்பு வழி என்று 2023 வின்ட்சர் உடன்பாடு பிரித்தது. ஒரே நாட்டுக்குள் இறைச்சி அனுப்புவதற்கும் காகிதம் நிரப்ப வேண்டிய இந்த நிலை, உணவு விதிகள் ஒன்றானால் பெருமளவு நீங்கும்.

சொந்த வணிகக் கொள்கை பறிபோகும் என்பது அடுத்த எதிர்வாதம். 2025 ஜூலையில் இந்தியாவோடு பிரிட்டன் செய்துகொண்ட வணிக ஒப்பந்தம் விலகியதால் கிடைத்த உரிமையின் பயன் என்பது உண்மை. ஆனால் உணவு விதிகளைப் பின்பற்றுவது சுங்க ஒன்றியத்தில் சேர்வது ஆகாது. வரியைத் தீர்மானிக்கும் உரிமை லண்டனிடமே இருக்கும். மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு இங்கிலாந்தில் வழிவிட்ட 2023 சட்டம் போன்றவற்றுக்கு நெருக்கடி வரலாம். அந்த இழப்பை மறைப்பதில் பொருளில்லை.

எனக்குள்ள மறுப்பு வேறு. நார்வே பல ஆண்டுகளாகச் செய்வதுபோல, இந்தத் துறையில் பிரிட்டனும் பணம் கட்டும், கருத்துச் சொல்லும், வாக்களிக்காது. தகராறு வந்தால் நடுவர் குழு விசாரிக்கும். ஒன்றியச் சட்டத்தின் பொருள் என்ன என்பதில் கடைசிச் சொல் ஐரோப்பிய நீதிமன்றத்துடையது. இப்படி வாக்கில்லாமல் விதி ஏற்கும் நாட்டின் நாடாளுமன்றம் முன்னைவிட விழிப்பாக இருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு: ஐரோப்பியச் சட்ட வரைவுகளை அரை நூற்றாண்டாக ஆராய்ந்துவந்த மக்களவைக் குழு 2024 தேர்தலுக்குப் பிறகு அமைக்கப்படவே இல்லை. அதை மீண்டும் அமைக்க அவையில் ஒரு தீர்மானம் போதும். அதைக்கூடச் செய்யாமல் விதிகளை ஏற்றுக்கொண்டே போவதுதான் இந்த ஏற்பாட்டின் பெரிய குறை.