முக்கால் கப் சர்க்கரையும் ஒரு திரவமானியும்

வீட்டில் பியர் தயாரிப்பதைப் பற்றிய நூலுக்கு விஞ்ஞான இதழில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நம் மாநிலத்தில் உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம்; செய்து பார்க்கும் எண்ணத்துடன் யாரும் இதைப் படிக்க வேண்டாம். நான் அந்நூலைப் பௌதிக நூலாகவே படித்தேன். மகிழ்ச்சியும் ஏற்பட்டது, மனக்குறையும் ஏற்பட்டது.

நூலின் பெயர் 'தி கம்ப்ளீட் ஜாய் ஆஃப் ஹோம் புரூயிங்'. ஆசிரியர் சார்லி பாப்பசியன். அமெரிக்காவில் சொந்த உபயோகத்திற்குப் பியர் தயாரிப்போர் மீதிருந்த மத்தியச் சட்டத் தடை, 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டத்தால் நீங்கியது. நூல் 1984இல் வந்தது. ஆசிரியர் அணுப்பொறியியல் படித்தவர். கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் இக்கலைக்கு வகுப்பு நடத்தியவர். அவருடைய மரக்கரண்டி இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு கரண்டிக்கு இதைவிடப் பெரிய பதவி உண்டா!

முளைவிட்ட பார்லியின் மாவுச்சத்தை நொதிகள் சர்க்கரையாக்குவது, ஹாப்ஸ் சேர்த்துக் கொதிக்கவைப்பது, ஆறியபின் ஈஸ்ட் இடுவது எல்லாவற்றையும் நூல் நண்பர் பேசுவது போலச் சொல்கிறது. வாசகன் கவலையை விட்டு நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதே அதன் தாரக மந்திரம். அடுப்படி வேலைகளுக்கு இது நல்ல உபதேசம். கொதிக்கும் நேரம் சற்றுக் கூடினால் சுவைதான் மாறும். ஆனால் புட்டியில் அடைக்கும் கட்டத்திலும் இதே மந்திரம் செல்லுமா? இங்கேதான் நான் ஆசிரியருடன் மாறுபடுகிறேன்.

பியரில் நுரை வருவதற்காக, நொதித்து முடிந்த திரவத்துடன் சிறிது சர்க்கரை சேர்த்து மூடிவிடுவார்கள். ஐந்து கேலனுக்கு, அதாவது 19 லிட்டருக்கு, முக்கால் கப் சோளச் சர்க்கரை என்பது இந்நூல் பரப்பிய புகழ்பெற்ற அளவு. கப் என்பது கன அளவு. ஈஸ்ட்டோ எடையைத்தான் அறியும். தளர்வாகக் கொட்டிய கப்பிலும் தட்டி நிரப்பிய கப்பிலும் ஒரே எடை இராது. சுமார் 120 கிராம் என்று கொள்வோம். அதிலிருந்து ஏறக்குறைய 53 கிராம் கரியமில வாயு பிறக்கும், லிட்டருக்கு 2.8 கிராம். நொதித்தபோதே கரைந்து தங்கிய 1.7 கிராமையும் கூட்டினால் நாலரை கிராம். 20 டிகிரி செல்சியசில் புட்டிக்குள் வாயுவின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். நல்ல புட்டி இதைத் தாங்கும்.

ஆனால் நொதித்தல் உண்மையில் முடிந்துவிட்டதா? இதைச் சொல்ல வேண்டியது திரவமானி. ஒப்படர்த்தி 0.001 குறைய, லிட்டருக்கு ஏறக்குறைய 2 கிராம் சர்க்கரை நொதிக்க வேண்டும். அதிலிருந்து 1 கிராம் வாயு வரும். பல திரவமானிகள் 15.5 டிகிரியில் அளவு குறிக்கப்பட்டவை. திரவம் 30 டிகிரியில் இருந்தால் விரிந்து அடர்த்தி குறைந்திருக்கும். கருவி கூடுதலாக அமிழும். 1.015 என்று காட்ட வேண்டியது 1.012 என்று காட்டும். பிழை 0.003 மட்டுமே. முடிந்தது என்று நம்பி மூடினால், லிட்டருக்கு 3 கிராம் வாயு பிறகு புட்டிக்குள்ளேயே உண்டாகக்கூடும். அளந்து போட்ட முக்கால் கப் தருவதைவிட இது அதிகம்! கப்பைக் கவனித்தவன் கருவியில் ஏமாந்தான்.

இத்துடன் கோடையையும் சேர்த்துப் பாருங்கள். வெப்பம் ஏற ஏற வாயு கரைவது குறையும். வெயிலில் கிடந்த சோடாவைத் திறந்தவர்களுக்கு இது தெரியும். இந்த ஏழரை கிராம் வாயு 35 டிகிரியில் வளிமண்டலத்தைப் போல் ஆறு மடங்கு அழுத்தம் தரும். பழைய புட்டியில் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று இருந்தால் போதும்.

ஆய்வுக்கூடத்தில் வெப்பநிலையைக் குறிக்காமல் ஒப்படர்த்தியை எழுதிவரும் மாணவனின் ஏட்டை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அங்கே போவது மதிப்பெண். இங்கே பறப்பது கண்ணாடி. எச்சரிக்கைகள் எத்தனை இருந்தாலும், நூலை மூடியபின் வாசகன் மனத்தில் நிற்பது அந்தக் கவலையற்ற மந்திரமே.

உலோகவியல் படித்த ஜான் பாமரின் 'ஹவ் டு புரூ' இவ்விடத்தில் மேலானது. பியரின் வெப்பநிலை, வேண்டிய வாயு, சர்க்கரையின் எடை மூன்றையும் ஒரே கோட்டில் இணைத்துப் படிக்கும் வரைபடம் அதில் உண்டு. பாப்பசியனின் உற்சாகம் அவரிடம் இல்லை; சில பக்கங்கள் பாடப்புத்தகம் போல வறண்டவை. ஆயினும் மூடியைப் பொருத்துமுன் நான் பாமரின் பக்கத்தையே திறப்பேன். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் திரவமானியை இருமுறை மிதக்கவிட்டு, வெப்பநிலைத் திருத்தம் செய்து, இரண்டு அளவும் ஒன்றாக வந்த பிறகே மூடியில் கை வைப்பேன்.