பிரதிக்குத் தொண்டை உண்டா? ரூத் பிரவுனை முன்வைத்துச் சில குறிப்புகள்

"ஆசிரியன் செத்துப்போய் ரொம்ப நாளாச்சு. நீ என்னடான்னா இன்னும் எழவு வீட்டுலயே உக்காந்திருக்கே" என்றார் நண்பர். ரூத் பிரவுன் என்கிற கறுப்பினப் பாடகியின் தொடக்ககாலம் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதற்குக் கிடைத்த பதில் இது. பாட்டைக் கேள், பாடினவள் சோறு தின்றாளா பட்டினி கிடந்தாளா என்று பார்ப்பது விமர்சனத்தின் வேலை அல்ல என்பது அவர் கட்சி. சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் சிரிக்கிற இடத்தில் நான் இல்லை. சில வருடங்களுக்கு முன் இதே வாதத்தை, பார்த்தின் பெயரையும் ஃபூக்கோவின் பெயரையும் சொல்லி, இன்னும் காரமாக எழுதியவன் நான்தான். அந்தக் கட்டுரையோடு ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. இதை எழுதும் காரணம் அதுவே.

முதலில் ஒரு சொல். 'டெக்ஸ்ட்' என்பதற்கு நாம் 'பிரதி' என்று வைத்துக்கொண்டோம். எம்.ஏ. வகுப்பில் பிரதி என்றால் ஏட்டுப்பிரதி; மூலத்தைப் பார்த்துப் பெயர்த்து எழுதியது. அமைப்பியலும் அதற்குப் பின்வந்தவையும் தமிழில் பேசப்பட்டபோது மூலம் என்ற ஒன்றே கிடையாது, இருப்பதெல்லாம் பிரதிகள்தாம் என்ற பொருளுக்கு அந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் அச்சகத்திலும் ரிக்கார்டு கம்பெனியிலும் பிரதி என்பது விற்கிற சரக்கு. எத்தனை பிரதி போயிற்று என்று எண்ணிக் காசு வாங்குவது. ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டு அர்த்தமும் உட்கார்ந்திருப்பதை நாம் கவனிக்கவே இல்லை. ரூத் பிரவுனின் கதை முழுக்க இந்த இரண்டுக்கும் இடையே நடக்கிறது.

1928 ஜனவரி 12இல் வர்ஜீனியா மாநிலத்தின் போர்ட்ஸ்மத் என்னும் துறைமுக ஊரில் பிறந்தவர் ரூத் வெஸ்டன். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். அப்பாவுக்குத் துறைமுகத்தில் சுமை இறக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆப்பிரிக்க மெதடிஸ்ட் தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்துவார். கோடை விடுமுறையில் வடக்குக் கரோலினாவில் பாட்டியின் நிலத்தில் பருத்தி பொறுக்க வேண்டும். தேவாலயம், பருத்திக்காடு, கப்பல்துறை என்கிற இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு 'துயரத்தின் மண்ணில் முளைத்த குரல்' என்று ஒரு பெருங்கதையாடலைக் கட்டிவிடலாம். அமெரிக்கக் கறுப்பிசை பற்றி எழுதப்படுவதில் பாதி அப்படித்தான் கட்டப்படுகிறது. கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் அது ஒட்டவில்லை. அப்பா வீட்டில் புளூஸ் சாத்தானின் பாட்டு. அந்தப் பெண்ணுக்கோ புளூஸின் மேல் பெரிய மோகம் எதுவும் இல்லை. சாரா வாகன், பில்லி ஹாலிடே, டைனா வாஷிங்டன் போல மெல்ல இழையும் காதல் பாட்டுப் பாட வேண்டும் என்பதே ஆசை. போர்க்காலம். பக்கத்து ஊர் நார்ஃபோக்கில் பெரிய கடற்படைத் தளம். கோயில் பாட்டுப் பயிற்சிக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டுப் படைவீரர் நிகழ்ச்சிகளில் பாடப் போனார். வீட்டுக்குத் தெரியாமல் நியூயார்க் வரை போய் ஹார்லமின் அப்போலோ அரங்கப் போட்டியில் ஜெயித்தும் வந்தார்.

1945இல், பதினேழு வயதில், ஜிம்மி பிரவுன் என்ற டிரம்பெட் வாத்தியக்காரரோடு வீட்டைவிட்டு ஓடினார். கல்யாணமும் ஆயிற்று. அப்புறம்தான் தெரிந்தது, அந்த மனிதருக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு. ஆக, சட்டப்படி அந்தத் திருமணமே செல்லாது. ஆனால் 'ரூத் பிரவுன்' என்ற பெயர் அதற்குள் மேடைகளில் புழங்கிவிட்டிருந்தது, அதையே வைத்துக்கொண்டார். செல்லாத ஒப்பந்தம் ஒன்றிலிருந்து வந்த பெயர்தான் பிறகு லட்சக்கணக்கான ரிக்கார்டுகளின் மேல் அச்சாயிற்று. குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் இடையே இயல்பான பிணைப்பு கிடையாது என்று சசூர் சொன்னதற்கு வகுப்பில் மரம், குதிரை என்று உதாரணம் தேடிக்கொண்டிருந்தோம்!

லக்கி மிலிண்டரின் வாத்தியக்குழுவில் சேர்ந்தவரை ஏறத்தாழ ஒரு மாதத்திலேயே, வாஷிங்டனில் வைத்து அனுப்பிவிட்டார்கள். குழுவினருக்குக் குடிக்க ஏதோ எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தார் என்பது குற்றம். கையில் காசில்லை, ஊருக்கு எந்த முகத்தோடு போவது? அங்கே கிரிஸ்டல் கேவர்ன்ஸ் என்ற இரவு விடுதியில் இடம் கொடுத்தவர் பிளான்ச் காலோவே. கேப் காலோவேயின் அக்கா என்றே அவரை எல்லாரும் குறிப்பிடுகிறார்கள். ஆண்களே நிறைந்த வாத்தியக்குழுவை முன்னின்று நடத்தியவர், தம்பிக்கு முன்பே புகழ்பெற்றவர் என்பது அடைப்புக்குறிக்குள் போய்விடுகிறது. அவரே ரூத்தின் மேலாளரும் ஆனார். விடுதியில் பாட்டைக் கேட்ட வில்லிஸ் கானோவர் என்ற வானொலி அறிவிப்பாளர், அப்போதுதான் (1947இல்) தொடங்கியிருந்த அட்லாண்டிக் என்னும் சின்ன ரிக்கார்டு கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினார். கம்பெனிக்காரர்கள் அகமத் எர்டெகுன், ஹெர்ப் ஆப்ராம்சன். எர்டெகுன் துருக்கித் தூதரின் மகன். தூதரக மாளிகையில் கறுப்பின ஜாஸ் ரிக்கார்டுகளைச் சேர்த்துக்கொண்டு வளர்ந்தவர்.

1948 அக்டோபரில் நியூயார்க் போகும் வழியில், பென்சில்வேனியாவின் செஸ்டர் அருகே கார் விபத்து. இரண்டு கால்களும் நொறுங்கின. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிப் படுக்கை. 1949 ஜனவரி 12, இருபத்தொன்றாவது பிறந்தநாள். எர்டெகுன் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். கையில் ஒப்பந்தம். கூடவே, இசைக்குறிப்பைப் பார்த்துப் பாடக் கற்றுத்தரும் ஒரு புத்தகம், சுருதிக் குழல் ஒன்று, எழுதிக்கொள்ளப் பெரிய காகித அட்டை ஒன்று. பின்னாளில் ரூத் பிரவுன் இதை நன்றியோடுதான் நினைவுகூர்ந்திருக்கிறார். நன்றி நியாயமானதுதான். கால் ஒடிந்து கிடக்கிற, யாரென்றே தெரியாத ஒரு பெண்ணைத் தேடிவந்து கையெழுத்து வாங்குகிறவர் எத்தனை பேர்? ஆனாலும் இந்தக் காட்சியை ஒரு பிரதியாக வாசிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. எழுத்து மூன்று வடிவத்தில் அந்தப் படுக்கைக்கு வருகிறது: படிக்க ஒரு புத்தகம், எழுத ஒரு வெற்றுத்தாள், கையெழுத்துப் போட ஒரு பத்திரம். முதல் இரண்டும் பரிசு. மூன்றாவதுதான் நாற்பது வருடம் பேசியது.

1949 மே மாதம் ஊன்றுகோலோடு நின்று முதல் ரிக்கார்டைப் பாடினார். எடி காண்டனின் குழு வாசித்தது. 'ஸோ லாங்' என்ற அந்த மெதுவான பாட்டு ஓடியது. அதே ஜூனில் 'பில்போர்டு' பத்திரிகை தன் பட்டியல் ஒன்றின் தலைப்பை மாற்றியது. அதுவரை 'ரேஸ் ரிக்கார்ட்ஸ்', அதாவது 'இனத்தாரின் ரிக்கார்டுகள்' என்றிருந்ததை 'ரிதம் அண்ட் புளூஸ்' ஆக்கினார்கள். பெயர் சொன்னவர் அப்போது அங்கே பத்திரிகையாளராக இருந்த ஜெர்ரி வெக்ஸ்லர். 1953இல் அவரே அட்லாண்டிக்கில் பங்காளியானார். ஆக, இசைவகை என்று நாம் மயங்கிப் பேசுவது ஒரு கடைப்பட்டியலின் தலைப்பு. இழிசொல் போய் மரியாதைச்சொல் வந்தது நல்லதே. பட்டியல் தனியாக இருந்தது மட்டும் மாறவில்லை.

1950இல் 'டியர்டிராப்ஸ் ஃப்ரம் மை ஐஸ்'. எழுதியவர் ரூடி டூம்ப்ஸ். காதல் பாட்டுக்காரியை வேகத்தாளத்துக்குத் திருப்பியது கம்பெனி. பதினொரு வாரம் அந்தப் பட்டியலில் முதலிடம். 'மிஸ் ரிதம்' என்று பட்டம் வந்தது. 1953இன் 'மாமா, ஹீ டிரீட்ஸ் யுவர் டாட்டர் மீன்' பாட்டை அவருக்கு முதலில் பிடிக்கவே இல்லை. அதுதான் அவருடைய மிகப்பெரிய பாட்டாக நின்றது. இதை நான் மறைக்கப் போவதில்லை. 'உண்மையான குரல்' என்று எதைக் கொண்டாடுகிறோமோ அது பாடலாசிரியர், வாத்தியக்காரர், வியாபாரி, பாடகி எல்லாரும் சேர்ந்து, சில சமயம் பாடகியின் விருப்பத்துக்கு மாறாகவும், செய்தது. அந்த அளவில் நண்பர் சொல்வது சரி. ஒற்றை ஆசிரியன் அங்கே இல்லை.

ஆனால் பாட்டைக் கேளுங்கள். வரி முடிகிற இடத்தில் ஸ்வரம் மேலே ஏறி, உச்சியில் ஒரு கீச்சு. துணி கிழிகிற மாதிரி. அதைக் கம்பெனிக்காரர்கள் தேடிப்பிடித்து ஊக்குவித்தார்கள், ஏனென்றால் அதுவே விற்றது. எந்த இசைத்தாளிலும் அந்தக் கீச்சு இல்லை. டூம்ப்ஸ் எழுதவில்லை, எர்டெகுன் எழுதவில்லை. குரலின் 'மணி' என்று 1972இல் பார்த் எழுதினாரே, பாடுகிற உடம்பு குரலில் தட்டுப்படுவது பற்றி, அது இதுதான். (நெல்மணி என்கிறபோது வரும் மணி, மொழிபெயர்ப்பு என்னுடையது, திருப்தியில்லை. 'சொரசொரப்பு' என்றும் வைத்துப் பார்த்தேன்.) பார்த்துக்கு அது ரசிகனின் இன்பம். பன்ஸெராவின் பாட்டில் அதைக் கேட்டுச் சிலிர்த்தவர், அந்த மணிக்கு ராயல்டி யாருக்கு என்று கேட்கவில்லை. கேட்க அவருக்கு அவசியமில்லை.

அமெரிக்கச் சட்டத்துக்கு அவசியம் இருந்தது, அதுவும் கேட்கவில்லை. 1909ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டம் எழுதப்பட்ட இசைக்கும் சொல்லுக்கும் உரிமை தந்தது. பாடிய விதத்துக்கு இல்லை. ஒலிப்பதிவு என்ற பொருளுக்கே கூட்டரசுச் சட்டத்தின் பாதுகாப்பு 1972 பிப்ரவரியில்தான் வந்தது. விளைவு என்ன? ரூத் பிரவுனுக்குச் சக பாடகி லாவெர்ன் பேக்கர் பாடிய 'ட்வீடில் டீ'யை 1955இல் ஜார்ஜியா கிப்ஸ் என்ற வெள்ளைப் பாடகி அதே வாத்திய அமைப்பு, அதே நெளிவுசுளிவோடு பாடி இன்னும் பெரிய சந்தையில் விற்றார். தவறு ஒன்றும் இல்லை. பாடலாசிரியருக்குக் காசு போயிற்று. பேக்கர் தம் பகுதி நாடாளுமன்ற உறுப்பினர் சார்லஸ் டிக்ஸுக்கு எழுதிச் சட்டத்தைத் திருத்தக் கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை. ரூத் பிரவுனின் 'ஓ வாட் எ டிரீம்' பாட்டையும் பாட்டி பேஜ் அதே 1954இல் பாடிவிட்டார். இங்கே 'பிரதி' என்ற நம் சொல் தன் இரண்டு பல்லையும் காட்டுகிறது. மூலம் இல்லை, பிரதிகளே உண்டு என்று கோட்பாடு சொன்னதற்கு முன்பே, கறுப்புப் பாடகிகளின் விஷயத்தில் சட்டம் அதைச் சொல்லிவிட்டது! நாம் சுவடியில் பாடபேதம் பார்ப்போம்; ஒரு எழுத்து மாறினாலும் எந்த ஏடு, யாருடைய ஏடு என்று அடிக்குறிப்புப் போடுவோம். தொண்டையில் ஏற்பட்ட பாடபேதத்துக்கு அடிக்குறிப்பு கிடையாது.

தென்மாநிலங்களின் புகையிலைக் கிடங்குகளில் நடுவே கயிறு கட்டி, ஒரு பக்கம் கறுப்பர், ஒரு பக்கம் வெள்ளையர் ஆட, அவர் பாடினார். பாட்டுக் கயிற்றுக்கு இரண்டு பக்கமும் போயிற்று. பாடியவர் வழியில் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. அட்லாண்டிக்கை 'ரூத் கட்டிய வீடு' என்றார்கள். அந்தப் பாராட்டும் இரவல்தான்: 1923இல் திறந்த யாங்கி விளையாட்டரங்குக்கு பேப் ரூத் என்ற பேஸ்பால் ஆட்டக்காரரை வைத்துச் சொன்ன சொல் அது. வீடு கட்டியவருக்கு வீட்டில் பங்கு? ஒலிப்பதிவுக் கூடத்துச் செலவு, வாத்தியக்காரர் கூலி எல்லாம் பாடுகிறவரின் ராயல்டிக் கணக்கில் பற்று எழுதப்படும். அது கழிந்த பிறகே வரவு. கழியாது. 1961இல் கம்பெனியைவிட்டு வந்தபின், லாங் ஐலண்டில் பிறர் வீடு துடைத்தும் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியும் இரண்டு மகன்களை வளர்த்தார்.

எழுத்துக்கு ஆசிரியன் என்று ஒருவன் தேவைப்பட்டதே தண்டிப்பதற்காகத்தான், உரிமை பிறகு வந்தது என்கிற பொருளில் ஃபூக்கோ 1969இல் பேசினார். அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டித்தான் நான் ஆசிரியனைப் புதைத்தேன். இப்போது திரும்ப வாசிக்கையில் உறைக்கிறது: ஃபூக்கோ ஆசிரியனைப் புதைக்கவில்லை, ஆசிரியன் என்ற இடத்தில் யாரை உட்காரவைக்கிறார்கள், எதற்காக என்று கேட்டார். நான் கேள்வியைத் தீர்ப்பாக வாசித்துவிட்டேன். ரூத் பிரவுனுக்கு உரிமை இல்லாமல் கடன் மட்டும் வந்தது. ஆசிரிய இடத்தில் ஒருநாளும் உட்காரவிடப்படாத ஒருத்தியிடம் போய், அந்த நாற்காலியை உடைத்துவிட்டோம், சந்தோஷப்படு என்றால்?

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹவல் பெகிள் என்ற வாஷிங்டன் வழக்கறிஞர், சிறுவயதிலிருந்தே அவருடைய ரசிகர், பழைய ரிக்கார்டுகளில் கையெழுத்து வாங்கப் போனார். இவை விற்பதில் உங்களுக்கு என்ன வருகிறது என்ற பேச்சில் விஷயம் வெளிவந்தது. வருடக்கணக்கான போராட்டத்துக்குப் பின், 1988இல் அட்லாண்டிக் அவருடைய பழைய 'கடனை'த் தள்ளி, இருபது வருட ராயல்டி பாக்கியைத் தர ஒத்துக்கொண்டது. அவருக்கு மட்டுமின்றி அவர் காலத்துக் கலைஞர்கள் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கும். 'ரிதம் அண்ட் புளூஸ் ஃபவுண்டேஷன்' என்ற உதவி நிதியும் அதிலிருந்து பிறந்தது. மறுவருடம் பிராட்வே நாடகமேடையில் டோனி விருது, 1993இல் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபம், 2006 நவம்பரில் மரணம். 2018இல் வந்த சட்டம் 1972க்கு முந்திய ஒலிப்பதிவுகளுக்கும் டிஜிட்டல் ஒலிபரப்பில் காசு உண்டு என்றது. சாதாரண வானொலி நிலையங்களை அதுவும் தொடவில்லை. அங்கே எழுதியவருக்கு உண்டு, பாடியவருக்கு இல்லை.

நண்பருக்கு இதையெல்லாம் சொன்னேன். "அப்ப குரலுக்கும் பட்டா போடணும்கிறியா?" என்றார். நல்ல கேள்விதான். பட்டா போட்டால் நாளைக்கு அதையும் கம்பெனி எழுதி வாங்கிக்கொள்ளும். ஆஸ்பத்திரிப் படுக்கைக்கே வந்து வாங்கியவர்கள். ஆனால் பட்டா இல்லாதபோது என்ன நடந்தது என்று பார்த்தாயிற்று. என்னிடம் பதில் இல்லை. 'டியர்டிராப்ஸ்' பாட்டைப் போட்டுக் காட்டினேன். முதல் கீச்சு வந்ததும், "என்னய்யா இது, நடுவுல ஊசி சிக்கிக்கிச்சா?" என்றார். இன்னொரு தடவை போடச் சொன்னார். பேக்கர் விவகாரத்தைத் தனியாக எழுத வேண்டும்.