புதியவர் மீது ஏன் இத்தனை சினம்?

முன்பதிவு இல்லாத ரயில் பெட்டியில் பயணம் செய்தவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். வண்டி நின்றதும் வெளியே நிற்பவர், "கொஞ்சம் இடம் விடுங்கள்" என்று கெஞ்சுகிறார். உள்ளே இருப்பவரோ, "இங்கே இடமில்லை, அடுத்த பெட்டிக்குப் போங்கள்" என்கிறார். எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டவர், அடுத்த நிலையம் வந்ததும் கதவருகே நின்றுகொண்டு அதே பதிலைச் சொல்லுகிறார்! இணையத்தின் வழியே பலர் கூடி ஆடும் கணிப்பொறி விளையாட்டுகளிலும் இதே கதைதான் என்று சொல்லப்படுவதுண்டு. பழைய ஆட்டக்காரர்கள் புதியவரை 'நூப்' என்று இழித்துரைக்கிறார்கள். மனித இயல்பே அப்படித்தான், என்ன செய்வது என்று கையை விரிக்கிறார்கள்.

இந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. ரயில் பெட்டியில் ஏறுபவர் நம் இடத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கிறார். விளையாட்டிலோ ஆள் சேரச் சேரத்தான் ஆட்டமே நடக்கும். எதிரே ஆட ஆளில்லாவிட்டால், பத்தாண்டு பயின்ற திறமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? புதியவர் வருவது பழையவருக்கே நன்மை. அப்படியிருந்தும் ஏன் விரட்டுகிறார்? இதற்கு விடை காண, ஆட்டத்தின் விதிகளைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வால்வ் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட 'டோட்டா 2' என்னும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஐவருக்கு எதிராக ஐவர். நூற்றுக்கு மேற்பட்ட வீரர்களில் ஒருவரை ஒவ்வொருவரும் தேர்ந்துகொண்டு, எதிரணியின் மையக் கட்டடத்தைத் தகர்க்க வேண்டும். ஓர் ஆட்டம் அரை மணி நேரத்துக்கும் மேல் நீள்வது சாதாரணம். இதில் ஒருவர் கொல்லப்பட்டால், கொன்றவருக்குப் பொன்னும் அனுபவப் புள்ளிகளும் கிடைக்கும். அந்தப் பொன்னைக் கொண்டு அவர் மேலும் நல்ல கருவிகளை வாங்குகிறார், வலிமை கூடுகிறது, அடுத்தவரைக் கொல்வது எளிதாகிறது. ஆகவே புதியவர் ஐந்து முறை விழுந்தால் அவர் மட்டும் விழுவதில்லை. எதிரிக்கு ஐந்து முறை தீனி போட்டு வளர்த்துவிடுகிறார். ஆட்டக்காரர்கள் இதை 'ஃபீடிங்', அதாவது தீனி போடுதல் என்றே குறிப்பிடுகிறார்கள். ஒலிபெருக்கியின் முன்னால் ஒலிவாங்கியைப் பிடித்தால் சிறு ஓசையும் சுற்றிச் சுற்றிப் பெருகி, காதைக் கிழிக்கும் கூச்சலாவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இதுவும் அத்தகைய பின்னூட்டமே. நடுவில் எழுந்து போகலாமா? போனால் தண்டனை உண்டு. ஒருவருடைய பிழையின் பயனை மற்ற நால்வரும் கடைசி வரை அனுபவித்தே தீர வேண்டும். சினம் வராவிட்டால்தான் வியப்பு!

இப்படிச் சொல்வதால் ஏசுபவரை நான் மன்னித்துவிட்டதாகக் கருத வேண்டாம். ஆனால் ஏசுபவர் யார் என்பதை ஆராய்ந்தவர்கள் கண்டதைக் கேளுங்கள். இதே வகையைச் சேர்ந்த 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' ஆட்டம் 2009-இல் வெளிவந்தது. அதை உருவாக்கிய ரயட் கேம்ஸ் நிறுவனம் உளவியல் அறிந்தவர்களைக் கொண்டு இந்த வசைமாரியை ஆராய்ந்தது. ஓயாமல் வம்பு செய்பவர்களிடமிருந்து வந்தது அதில் ஒரு சிறு பகுதிதான். பெரும்பகுதி, மற்ற நாட்களில் ஒழுங்காக நடந்துகொள்ளும் சாதாரண ஆட்டக்காரர்களுடையது. பிறகு ஒரு சோதனை செய்தார்கள். எதிரணியோடு உரையாடும் வசதியைத் தொடக்கத்திலேயே மூடிவைத்தார்கள், வேண்டியவர் திறந்துகொள்ளலாம். அவ்வளவுதான், வசை கணிசமாகக் குறைந்தது. மனித இயல்பா அந்தச் சில நாட்களில் மாறிவிட்டது? மாறியது ஒரே ஒரு சொடுக்கிதான்.

'ஹேலோ 3' என்னும் துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தைக் கொண்டு செய்த ஓர் ஆய்வு 2015-இல் வெளிவந்தது. அதில் பெண் குரலில் பேசிய ஆட்டக்காரரிடம் கடுமையாக நடந்துகொண்டவர்கள் தேர்ந்த ஆட்டக்காரர்கள் அல்லர். திறமை குறைந்த ஆண்களே! திறமை மிக்கவர்கள் நல்ல விதமாகவே பேசினர். இந்த ஆய்வு பெண் குரலைப் பற்றியதே தவிர, புதியவர்களைப் பற்றியதன்று என்பதை மறக்கக் கூடாது. ஆயினும் ஓர் ஐயம் எழத்தான் செய்கிறது. உயரத்தில் உறுதியாக அமர்ந்திருப்பவரைவிட, வழுக்கும் படியில் நிற்பவரே கீழே வருபவரை மிதிக்கிறாரோ?

வேறொரு கொடுமையும் உண்டு. சில பழைய ஆட்டக்காரர்கள் புதுக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, கற்றுக்குட்டி போல் வேடமிட்டு, உண்மையான கற்றுக்குட்டிகளோடு மோதி எளிதாக வெல்கிறார்கள். இதற்கு 'ஸ்மர்ஃபிங்' என்று பெயர். சதுரங்க வீரர்களின் தரத்தை அளக்க ஆர்பாட் ஈலோ வகுத்த முறையின் வழிவந்த கணக்கீடுகளே இன்று ஆட்டக்காரர்களையும் இணைசேர்க்கின்றன. கணக்கீட்டில் குறையில்லை, ஆளே பொய் என்றால் அது என்ன செய்யும்? 2023 செப்டம்பரில் வால்வ் நிறுவனம் இத்தகைய 90,000 கணக்குகளைத் தடை செய்ததாக அறிவித்தது. நேரடியாக ஏசுபவரைவிட இவர்களையே நான் அதிகம் குறை கூறுவேன். ஏசுபவருக்கு அந்த நேரத்துச் சினம் என்ற சாக்காவது உண்டு.

இனி மறுபக்கம். 2012-இல் வந்த 'ஜர்னி' ஆட்டத்தில், பாலைவனம் கடந்து ஒரு மலைச் சிகரத்துக்குச் செல்ல வேண்டும். வழியில் முன்பின் தெரியாத ஒருவர் துணையாக வந்து சேர்வார். அவர் பெயர் தெரியாது. அவரோடு பேச முடியாது. ஓர் இன்னொலி மட்டும் எழுப்பலாம். இருவரும் நெருங்கி நின்றால் இருவருக்குமே பறக்கும் ஆற்றல் நிரம்பும். உருவாக்கும்போது செய்த சோதனைகளில், ஒருவரையொருவர் தொட்டுத் தள்ள முடிந்தவரை ஆட்டக்காரர்கள் தள்ளிவிட்டு மகிழ்ந்தார்களாம். அந்த மோதலை ஆட்டத்திலிருந்தே நீக்கிவிட்டார்கள். இன்று மறைந்துள்ள சின்னங்களையெல்லாம் கண்டுபிடித்து வெள்ளையங்கி பெற்ற பழையவர்கள், புதியவரை அந்த இடங்களுக்கு அழைத்துச் சென்று காட்டுகிறார்கள். அழகான ஏற்பாடு. ஆனால் ஆசிரியர் மாணவனைத் திட்டக் கூடாது என்பதற்காக அவர் வாயையே கட்டிவிட்டது போன்றது இது. இரண்டு மணி நேரப் பயணத்துக்குப் போதும். கற்க வேண்டியது நிறைய உள்ள ஆட்டத்துக்கு எப்படிப் போதும்?

எனக்குப் பிடித்தது, 2013-இல் ஸ்கொயர் எனிக்ஸ் புதுப்பித்து வெளியிட்ட 'ஃபைனல் ஃபேண்டஸி 14' செய்த வேலை. பழையவர்கள் நாள்தோறும் கிடைக்கும் பரிசுக்காகக் குலுக்கல் முறையில் ஏதாவதொரு பழைய குகைக்கு அனுப்பப்படுகிறார்கள். அங்கே முதல் முறையாக வருபவர் ஒருவர் குழுவில் இருந்தால், 'இங்கே புதியவர் இருக்கிறார். முடித்தால் எல்லோருக்கும் கூடுதல் பரிசு' என்ற செய்தி திரையில் தோன்றும். டோட்டாவில் புதியவர் செலவு. இங்கே அவர் வரவு!

இதிலும் குறை உண்டு. வழிகாட்டி என்று காட்டும் கிரீடச் சின்னத்தைப் பெருமைக்காகவே சிலர் சூடிக்கொள்ள, இப்போது கிரீடத்தைக் கண்டாலே கேலி செய்கிறார்கள். ஆனால் கிரீடம் இல்லாத யாரோ ஒருவர், அந்தச் செய்தியைக் கண்டதும், "முதல் முறையா? வாருங்கள், அவன் கை ஓங்கும்போது பின்னால் வந்து நின்றுகொள்ளுங்கள்" என்று தட்டச்சிடுகிறார். அவர் தட்டச்சிட்டு முடிப்பதற்குள், அவசரக்காரர் இன்னொருவர் அடுத்த வாசலைத் தாண்டி ஓடிவிடுவதும் உண்டுதான்.